இல்லாத ஒருத்தி

பிரிக்பீல்ட்ஸ்
3.8.2025

மலர்,

பதிவு இலாகாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை ஒன்பதரைக்கு நாம் இரண்டு பேரும் சமரசக் குழுவின் முன்னால் உட்கார வேண்டுமாம். விவாகரத்து மனு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் ஒரு தடவை பேசிப் பார்ப்பார்களாம். உனக்கும் ஒன்று வந்திருக்கும். மனுப் போட்டவள் நீதானே.

போனில் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். உன் வாட்ஸ்அப் லோஷினியின் லேப்டாப்பிலும் திறக்கும், அவள்தான் அப்படிப் போட்டுக் கொடுத்தாள் என்பது ஞாபகம் வந்தது. செமினி யுனிவர்சிட்டியில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அப்பா அம்மா சண்டையைப் படிக்க வேண்டாம். பேசலாம் என்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளும் பேனாவும். இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்த்து ரிப்போர்ட் எழுதியவனுக்கு இதற்கு மேல் எழுத வராது, பொறுத்துக்கொள்.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. தையல் மெஷினை உன் பழைய துப்பட்டாவைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நம் புளோக்கில் இரண்டாவது லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. ஊர் லிஃப்டையெல்லாம் சரி செய்கிறவன் பதினொரு மாடி நடந்து ஏறுகிறான் என்று கீழ்வீட்டுப் பரமேஸ்வரன் கிண்டல் செய்கிறார்.

குழு காரணம் கேட்டால் தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். நீ வாயே திறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை எழுதப் பார்த்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது வேண்டாம், விடு.

சபாபதி


கிள்ளான்
8.8.2025

லோஷினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசு அண்ணன் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். "இந்தக் காலத்துல எவன்மா லெட்டர் போடுறான்?" என்று கேட்டார். கையெழுத்தைப் பார்த்ததும் அவரே வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கிறது.

தப்பு முழுக்க உங்களுடையது என்று சொல்லப்போகிறீர்களா? ரொம்பப் பெரிய மனசு. கோயிலில் அன்னதானம் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

மே மாதம் தையல் மெஷின் வயர் சூடாகிறதே என்று உங்கள் டூல் பையில் டெஸ்டர் தேடினேன். கிடைத்தது ஆண்மைக்கென்று விற்கிற நீல மாத்திரை அட்டை. நாலு மாத்திரை குறைந்திருந்தது. ஜனவரிக்குப் பிறகு நீங்கள் என் பக்கத்தில் வந்ததே இல்லை. தைப்பூச விரதத்துக்கு ஹாலில் பாய் போட்டவர், காவடி இறக்கி மூன்று மாதமான பிறகும் அறைக்குள் வரவில்லை. அப்படியானால் அந்த நாலு மாத்திரை யாருக்கு என்று கேட்டேன். "ஆமா, ஒருத்தி இருக்கா. பேரெல்லாம் கேக்காத" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டு வருகிறேன் என்பது மாதிரி சொன்னீர்கள். அன்று லோஷினியும் வீட்டில் இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது.

இங்கே தெங்கு கிளானா சாலையில் ஒரு பிளவுஸ் கடையில் தைக்கிறேன். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அளவு கொடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணையும், இவளாக இருக்குமோ என்று ஏற இறங்கப் பார்க்கிறேன். நான் இப்படிப்பட்டவளா? இந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தவர் நீங்கள்.

பதினெட்டாம் தேதிக்கு முன்னால் அவள் பெயர் எனக்குத் தெரிய வேண்டும். சண்டைக்குப் போகமாட்டேன். இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தவளுக்கு, யாரிடம் தோற்றோம் என்றாவது தெரிய வேண்டாமா?

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
14.8.2025

மலர்,

அவளுக்குப் பெயர் இல்லை. அப்படி ஒருத்தியே இல்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி நிறுத்தினால் நான்காவது தாளையும் கிழித்துவிடுவேன்.

ஜனவரி இருபத்தெட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நம் இருபத்தைந்தாவது கல்யாண நாள். மறுநாள் சீனப் புத்தாண்டு என்பதால் எனக்கு அரை நாள்தான் வேலை. விரதத்தில் முப்பத்து நாலாவது நாள். நாற்பத்தெட்டு நாளும் தனியாகப் படுக்க வேண்டும், நினைப்புகூடக் கூடாது என்று என் அக்கா நல்லம்மாள் ரவாங்கிலிருந்து தினமும் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மதியம் நல்ல மழை. லோஷினி செமினியில். நீ அந்த மாம்பழக் கலர் சேலையில் இருந்தாய். நாம் விரதத்தை முறித்தோம்.

அந்த அவசரத்தில் எனக்கு அந்த இடத்தில் சுளீரென்று ஒரு வலி. உன்னிடம் சொல்லவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், பதினான்கு நாள் கழித்துப் பத்துமலையில் காவடி தூக்கினேன். ஒவ்வொரு படிக்கும் மன்னித்துவிடு முருகா என்றுதான் சொல்லிக்கொண்டு ஏறினேன்.

மார்ச் மாதம் குளிக்கும்போது தோலுக்கு அடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பச்சைப் பட்டாணி அளவு இருக்கும். பிறகு விறைக்கும்போதெல்லாம் வலி. கொஞ்ச நாளில் அது நேராக நிற்காமல் மேல்பக்கமாக வளைய ஆரம்பித்தது. இப்போது நன்றாகவே வளைந்திருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும், அந்த வார்த்தையை எழுத எனக்குக் கூசுகிறது.

மாத்திரையைச் செலாயாங் பாசார் பக்கத்தில் ஓர் ஆள் விற்றான். வளைவும் போகும் வலியும் போகும் என்றான். ஹாலில் தனியாகப் படுத்துக்கொண்டு நாலு நாள் சாப்பிட்டேன். தலைவலிதான் வந்தது. மலர், அந்த நாலு மாத்திரைக்கும் நான் மட்டும்தான் சாட்சி.

நீ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆம்பளை இல்லாமல் போய்விட்டேன் என்று சொல்வதைவிட, ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்வது சுலபமாக இருந்தது. அதோடு இதைச் சொன்னால் விரதம் முறிந்ததும் வெளியே வரும். "அவதான் கெடுத்தா" என்று அக்கா உன்னைத்தான் சொல்வார். நீயும் உன்னையே நொந்துகொள்வாய். இது முருகன் எனக்குக் கொடுத்த தண்டனை. நானே வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

சபாபதி


கிள்ளான்
19.8.2025

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை சிரித்தேன், அண்ணி பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

இல்லாத ஒருத்தியை நினைத்து நினைத்து நான் பாதி உடம்பாகிவிட்டேன். அவளுக்கு முகம் வைத்தேன், நிறம் வைத்தேன், என்னைவிடப் பத்து வயது குறைத்தும் வைத்தேன். நோயாளிப் புருஷனாக இருப்பதைவிடக் கெட்ட புருஷனாக இருப்பது மரியாதை என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

விரதம் முறிந்ததற்கு நீங்கள் ஒருவர்தான் பயந்தீர்கள் என்று நினைப்பா? அந்தச் சேலையைக் கட்டியது நான். பூசம் முடிந்தும் நீங்கள் ஹாலிலேயே கிடந்தபோது, விரதத்தைக் கெடுத்தவள் என்று என்னைத் தொடக் கூசுகிறீர்கள் என்றே நினைத்தேன். பிப்ரவரியிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். வயிறு சரியில்லை என்று உங்களிடம் சொன்னதெல்லாம் அதுதான். ஒருத்தி இருக்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்களே, அப்போது ஒரு நிமிஷம், எனக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை.

கட்டி என்றால் டாக்டரிடம் போக வேண்டும், பாசாருக்குப் போகக் கூடாது. அது வேறு ஏதாவதாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இந்த வாரமே போங்கள். சாதாரண கிளினிக் இல்லை, இதற்கென்று படித்த ஸ்பெஷலிஸ்ட்டிடம் போங்கள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுத வேண்டும், லிஃப்ட் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி. உங்களுக்குச் சாதகமாக ஒன்றையும் திருத்தக் கூடாது.

பதிவு இலாகா தேதி அப்படியேதான் இருக்கிறது. நான் எதையும் மாற்றவில்லை.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
30.8.2025

மலர்,

ரிப்போர்ட்.

நேற்றுப் போனேன். வெளியே ஐந்து ஆண்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காராமல், இடையில் ஒவ்வொரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் பெயர் ஜெயந்திரன், யாழ்ப்பாணக்காரர், நெற்றியில் திருநீறு. "எப்பலேர்ந்து இருக்கு?" என்றார். மார்ச் என்றேன். "இப்ப ஆகஸ்ட்டு முடியப்போவுது. வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேருன்னா இவ்ளோ நாள் விடுவீங்களா?" என்றார்.

பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். முதலில் நீ பயந்ததற்குப் பதில்: புற்றுநோய் இல்லை. தொற்றும் நோயும் இல்லை, என்னால் உனக்கு எதுவும் வராது. பெய்ரோனி என்று பெயர், ரொம்ப நாளைக்கு முன்னால் இருந்த ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெயராம். நூறு ஆண்களில் சில பேருக்காவது வருகிறதாம். யாரும் வெளியே சொல்லாததால் ஒவ்வொருவனும் தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறான் என்றார்.

எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஆணுறுப்புக்குள் (எழுதிவிட்டேன் பார்) குழாய் மாதிரி இரண்டு இருக்கின்றன. ரத்தம் நிறையும்போது அவை விறைக்கும். அவற்றைச் சுற்றி ஒரு உறை. கெட்டியானது, ஆனால் இழுபடக்கூடியது. அதில் சின்னதாக ஒரு கிழிசல் விழுந்தால் அடுக்குகளுக்கு நடுவில் ரத்தம் கசிந்து உறையும். கையில் கத்தி பட்டால் நடப்பதுதான். ரத்தத்தை உறைய வைக்கிற ஃபைப்ரின் என்ற நார், வேலை முடிந்ததும் கரைந்து போய்விட வேண்டும். சில உடம்பில் அது கரையாமல் கிடக்கிறது. அது கிடக்கிற வரைக்கும், காயம் இன்னும் ஆறவில்லை என்று அங்கே உள்ள செல்களுக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். லிஃப்ட் கதவு சென்சாரில் தூசி விழுந்தால், ஆள் நிற்கிறார் என்று நினைத்துக் கதவு மூடாமலே நிற்குமே, அது மாதிரி. செல்கள் கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. கொலாஜன் என்பது தழும்பைக் கட்டுகிற சரக்கு. இழுபடுகிற நார் குறைந்து அந்த இடம் மட்டும் கெட்டியாகிவிடுகிறது. அந்த உறைக்கு ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் தேங்கியது சீக்கிரம் போவதில்லை. மற்றப் பக்கமெல்லாம் நீளும்போது தழும்புப் பக்கம் நீளாது. அதனால் அந்தப் பக்கமாக வளைகிறது. "சைக்கிள் டியூப்ல பெரிசா பேட்ச் ஒட்டிட்டு காத்தடிச்சா ஒரு பக்கம் கோணிக்கும் இல்ல, அதே கததான் லா" என்றார். நான் கட்டி என்று பயந்தது அந்தத் தழும்புதான்.

அன்றைக்கு வந்த வலிதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். ஆனால் இங்கே வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அடிபட்ட ஞாபகமே இல்லையாம். அடிபட்டவர்களிலும் பெரும்பாலோருக்குச் சுத்தமாக ஆறிவிடுமாம். எனக்கு ஏன் ஆறவில்லை? வயது ஐம்பத்திரண்டு. ஆறு வருஷமாகச் சர்க்கரை. இத்தனை வருஷம் பிடித்த சிகரெட். நாலாவது காரணம் கீழே வருகிறது.

அதற்குமுன், விரதத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "நானும் காவடி எடுத்தவன்தான் மிஸ்டர் சபாபதி. இந்த ரூமுக்கு மலாய்க்காரங்க வராங்க, சீனவங்க வராங்க, சாமியே இல்லேங்கிறவங்களும் வராங்க. அவங்கல்லாம் எந்த விரதத்த முறிச்சாங்க?" என்றார்.

பிறகு உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைக்கச் சொன்னார். மோதிர விரலுக்குக் கீழே ஒரு சின்ன முடிச்சு. ஸ்பேனர் பிடித்துக் காய்த்தது என்று இருந்தேன். அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒங்க ஃபேமிலில யாருக்காச்சும் விரல் மடங்கி நிமிராம இருந்திச்சா?" என்றார். அப்பாவுக்கு என்றேன். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் வருகிற அதே வகைத் தழும்புதானாம் அது. குடும்பத்தில் ஓடுமாம். சிலருக்கு இது இரண்டும் சேர்ந்தே வருமாம்.

ஆனால் மலர், அப்பா விஷயம் வேறு இல்லையா? நெடுஞ்சாலைக்காக ரப்பர் தோட்டத்துக் கோயிலை இடிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதானே அவருக்கு விரல் மடங்கியது? கோயில் கமிட்டித் தலைவராக இருந்து கையெழுத்துப் போட்ட கை, அதை அம்மன் மடக்கிவிட்டாள் என்று ஊரே சொன்னது. அவரும் கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னார். இதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

இன்னும் வலி இருப்பதால் தழும்பு இன்னும் அடங்கவில்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் அடங்கும். அதுவரை வலிக்கு மருந்து, தினமும் இழுத்துப் பிடிக்கிற ஒரு கருவி, சர்க்கரைக் கட்டுப்பாடு. அடங்கிய பிறகு தேவையென்றால் ஊசி, இல்லாவிட்டால் ஆபரேஷன். முழுக்க நேராகும் என்று சொல்ல மாட்டேன் என்றார். "அடுத்த தடவ வைஃபையும் கூட்டிட்டு வாங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எதையும் திருத்தவில்லை.

சபா


கிள்ளான்
4.9.2025

லோஷினி அப்பாவுக்கு,

ரிப்போர்ட் கிடைத்தது. புற்றுநோய் இல்லை என்ற வரியைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு பிளவுஸ் முழுவதும் தைத்து முடித்த பிறகுதான் மீதியைப் படித்தேன். அதுவரை எனக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

தழும்புக் கதை எனக்கு நன்றாகவே புரிந்தது. உள்ளே போடுகிற லைனிங் துணி ஒரு பக்கம் சுருங்கிவிட்டால், மேல்துணி எவ்வளவு நல்ல பட்டாக இருந்தாலும் பிளவுஸ் கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். தினமும் பார்க்கிறேன். அதற்காக அந்த அம்மாவை யாரும் பாவி என்று சொல்வதில்லை.

இப்போது மாமாவைப் பற்றி. அவருடைய கடைசி இரண்டு வருஷம் நம் வீட்டில்தான் இருந்தார். சோற்றைப் பிசைந்து ஊட்டியது நான். குளித்துவிட்டு வந்தால் விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்துவிட்டதும் நான். உங்களுக்கெல்லாம் அந்த வலது கை மட்டும்தான் கண்ணில் பட்டது, ஊர் அதைப் பற்றித்தான் பேசியது என்பதால். மாமாவுக்கு இரண்டு கையும் மடங்கியிருந்தது. இடது கையிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டுதான் கிடந்தன. அதை எப்போதும் வேட்டி மடிப்புக்குள் ஒளித்து வைத்திருப்பார்.

கோயிலை இடிக்க இரண்டு கையாலுமா கையெழுத்துப் போட்டார்?

நேற்று இதை நினைத்தபோது ஊசி என் விரலில் ஏறிவிட்டது. இரண்டு வருஷம் அந்தக் கைகளைத் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் இது எனக்குத் தோன்றவில்லையே. அவரால் இரண்டு உள்ளங்கையையும் ஒட்ட வைத்துக் கும்பிட முடியாது. அந்த வெட்கத்தில்தான் கோயிலுக்குப் போவதை விட்டார். "பாத்தியா, சாமியே கும்பிட விடல" என்று உங்கள் அக்கா அதற்கும் ஒரு அர்த்தம் சொன்னார். ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால் அவர் கையை நீட்டிச் சாப்பிட்டிருக்கலாம், கும்பிட்டிருக்கலாம்.

அப்பாவும் பிள்ளையும் ஒரே மாதிரி. நோய் வந்தால் மருந்து தேடுவதற்கு முன்னால் குற்றத்தைத் தேடுகிறீர்கள்.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
9.9.2025

மலர்,

இரண்டு கையும் என்று நீ எழுதிய இடத்திலேயே நின்றுவிட்டேன். நான் அவர் பெற்ற மகன். ஒரு நாளும் அந்த இடது கையைப் பார்த்ததில்லை.

அக்காவுக்குப் போன் பண்ணி, டாக்டர் என் உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னதை மட்டும் சொன்னேன். "அப்ப நம்ப அப்பா சும்மாவேவா பதினேழு வருஷம் கோயிலுக்குள்ள போகாம இருந்தாரு?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா அழுது நான் கேட்டது அப்பா செத்த அன்றைக்குப் பிறகு இதுதான். தண்டனை இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாவை நினைத்தால் அந்த நிம்மதி வரவில்லை.

இப்போது நம் விஷயம். நீ பரிதாபப்பட்டுத் திரும்பி வர வேண்டாம், மலர். டாக்டர் எதற்கும் உறுதி சொல்லவில்லை. வளைவு மட்டும் இல்லை, சில சமயம் விறைப்பும் நிற்பதில்லை. பாதி பயத்தினால்தான் என்கிறார். அந்தப் பயம் எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு நாற்பத்தேழு வயதுதான். பழைய மாதிரி நான் இருப்பேன் என்று பொய் சொல்லி உன்னைக் கட்டிப்போட முடியாது. மனுவை நீ நடத்து. நான் தடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி. லோஷினி என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாள். அப்பா அப்படிப்பட்டவன் இல்லை என்று நீ அவளிடம் சொல்லிவிட்டால் போதும். மகளிடம் ஓர் அப்பன் இதை எப்படிச் சொல்வான்?

சபா


கிள்ளான்
13.9.2025

என்னங்க,

சொல்ல மாட்டேன். இல்லாத ஒருத்தியை உண்டாக்கியது நீங்கள். அவள் இல்லை என்று மகளிடம் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். பஸ் பிடித்துச் செமினிக்குப் போங்கள். மருந்தியல் படிக்கிற பிள்ளை, உங்களையும் என்னையும்விட அவளுக்கு இதெல்லாம் தெரியும். அவளுக்குத் தெரியாதது அவள் அப்பா எப்படிப்பட்டவர் என்பது ஒன்றுதான்.

பரிதாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் எனக்குப் பதிலாக நீங்களே தீர்மானம் செய்கிறீர்கள். மே மாதம் நான் தாங்க மாட்டேன் என்று தீர்மானித்தீர்கள். இப்போது நான் பரிதாபத்தில் வருவேன் என்று தீர்மானிக்கிறீர்கள். என்னை ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தால் என்ன?

கூச்சப்படாமல் எழுதுகிறேன். நாற்பத்தேழு வயதுக்காரிக்கும் ஆசை இருக்கிறது. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி மதியம் உங்களைப் போலத்தான் நானும் இருந்தேன். ஆனால் நான் அந்த அறையில் தனியாகக் கிடந்து அழுதது அதற்காக மட்டும் இல்லை. திரும்பிப் படுத்தால் பக்கத்தில் ஆள் இல்லை என்று அழுதேன். நாலு மாதமாக யாரும் என் தோளைக்கூடத் தொடவில்லை என்று அழுதேன். தழும்பு உங்களை ஹாலுக்கு அனுப்பவில்லை. நீங்களாகத்தான் போனீர்கள்.

பதினெட்டாம் தேதி வருவேன். மனுவை வாபஸ் வாங்குவேனா என்று இன்னும் எனக்கே தெரியாது. அவர்கள் காரணம் கேட்டதும் முதலில் நீங்கள்தான் பேச வேண்டும். தப்பு என்னுடையது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். நோயைப் பற்றி ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
19.9.2025

என்னங்க,

இதற்குத் தபால் தலை கிடையாது. மேசையில் தண்ணீர் ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அண்ணி கொடுத்த மீன் சம்பல் ஃபிரிட்ஜில் இருக்கிறது, சோறு வைத்திருக்கிறேன். இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு கமுட்டர் ரயில் ஏறி வந்ததில் இடுப்பு விட்டுப்போய்விட்டது.

நேற்று அந்த அறையில் நீங்கள் பேசியதைப் பற்றி நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிடுகிறேன். குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருக்க, நீங்கள் எழுந்தே நின்றுவிட்டீர்கள். "சாயா தீப்பு இஸ்திரி சாயா. பெரெம்புவான் லாயின் தாக் அடா" என்றீர்கள். மனைவியை ஏமாற்றினேன், வேறு பெண் கிடையாது என்று மலாயில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். அந்த மலாய் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இத்தனை வருஷ வேலையில் இல்லாத பெண்ணுக்காக வந்த முதல் கேஸ் இதுதான் என்று சொன்னபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களைப் பார்த்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தீர்கள். நான் போட்ட ஒரு கையெழுத்தில் மனு வாபஸ் ஆகிவிட்டது. அதன் பிறகு நீங்கள் பிரிக்பீல்ட்ஸுக்கும் நான் கிள்ளானுக்கும் போகிற ரயிலுக்கு, எதிரெதிர் பிளாட்பாரத்தில் நின்றோமே, அதுதான் பைத்தியக்காரத்தனம். வீட்டுக்கு வா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று நான் நின்றேன். கேட்டால் கட்டாயப்படுத்துவதாகும் என்று நீங்கள் நின்றிருப்பீர்கள்.

ராத்திரி லோஷினி போன் பண்ணினாள். நீங்கள் செமினிக்குப் போய் கேன்டீனில் உட்கார்ந்து, சர்க்கரை போடாத கோப்பியைப் பத்து நிமிஷம் கலக்கிவிட்டு, பிறகு டிஷ்யூ பேப்பரில் படம் வரைந்து விளக்கினீர்களாமே. "அப்பா வரைஞ்சது லிஃப்ட் மாதிரிதான் இருந்திச்சு மா, ஆனா எனக்குப் புரிஞ்சிருச்சு" என்றாள். அப்புறம் அவள் அழுதாள். நான்கு மாதமாக உங்கள் நம்பரைத் தடுத்து வைத்ததற்கு அழுதாள். அது உங்கள் தப்பு, அவள் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த தடவை டாக்டரிடம் நானும் வருகிறேன். என்னிடம் ஏழு கேள்வி இருக்கிறது. எல்லாவற்றையும் நீங்கள் இருக்கும்போதே கேட்பேன், வெட்கப்பட்டால் வெளியே போய் நாற்காலி விட்டு நாற்காலி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நேராகாவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. தெரியாததைச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வருவீர்கள். நான் நம் அறையில் படுத்திருக்கிறேன், தீபாவளித் தையலில் சரியாகத் தூங்கி நாலு நாளாகிறது. வந்ததும் எழுப்புங்கள். ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டாம், நல்ல வெளிச்சம் இருக்கட்டும். அதை எனக்குக் காட்டுங்கள். மார்ச் மாதத்திலிருந்து நீங்கள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தது போதும்.

மலர்